மக்கும் சமத்தும்

புழு வளர்க்கிறவள் வீட்டில் காபி குடிக்கலாமா கூடாதா என்கிற வழக்கு அந்தத் தெருவில் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வந்தபாடில்லை. ஆனால் வழக்குப் போட்ட அத்தனை பேரும் அவள் வீட்டில் ஒரு தடவையாவது காபி குடித்துவிட்டுத்தான் போட்டார்கள்.

தெருவில் அவளுக்குப் பெயர் புழுக்காரி. பட்டம் வாங்கிய இன்ஜினியர்தான். பஸ்ஸில் நாற்பது நிமிஷத் தூரத்தில் இருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ரோபோ செய்கிறாள். "அங்க என்ன வேலை உனக்கு?" என்று வந்த புதிதில் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாமல், "பச்சைப்புழு எப்படி நடக்குதுன்னு பாக்கிறேங்க்கா" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு விழுந்த பெயர். பிறகு எத்தனை விளக்கம் சொல்லியும் பெயர் போகவில்லை.

விளக்கம் சொல்லாமலும் இல்லை. கட்டடம் இடிந்து விழுந்தால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களைத் தேட இரும்பு ரோபோவை அனுப்பினால், அது முதல் சந்திலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். எலும்பில்லாத உடம்பாக இருந்தால் நசுங்கி, நெளிந்து, எலி போகாத இடத்துக்கும் போகும் என்றாள்.

"எலும்பில்லாததுதானே வேணும்? எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போ. முதுகெலும்பு இல்லாம முப்பது வருஷம் பழக்கம்" என்றாள் தையல்கார அக்கா. தெருவே சிரித்தது. அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார், பாவம்.

ஆனால் புழுவிடம் அவள் கண்டுபிடித்த விஷயம் சிரிப்புக்குரியதல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குச்சியில் புழுவை விட்டு, மாதக்கணக்கில் படமெடுத்துப் பார்த்தாள். நடை பின்னாலிருந்து தொடங்கும். வால் கால் எழும்பும், அந்த அலை ஒவ்வொரு ஜோடிக் காலாகத் தலையை நோக்கி ஓடும். அதைவிட அதிசயம் கால்களின் அடியில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கொக்கிகள். பிடித்துக்கொள்ள அந்தப் புழுவுக்குப் பலமே வேண்டாம். சும்மா இருந்தாலே பிடித்தபடிதான் இருக்கும். காற்றடித்தாலும் கிளையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் விழாது. விடுவதற்குத்தான் அது உள்ளே தசையை இழுத்துக் கொக்கியைக் கழற்றி மெனக்கெட வேண்டும். கையால் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும்.

அதையே அவளும் செய்தாள். ரப்பர் மாதிரி வளையும் சிலிக்கோன் உடம்பு. ஒரு சாண் நீளம், பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். உள்ளே சூடானால் சுருங்கும் மெல்லிய கம்பிகள். ஐந்து ஜோடிக் கால், காலடியில் நைலான் கொக்கிகள். கரண்ட் போனால் மற்ற ரோபோக்கள் விழும். இது தொங்கிக்கொண்டிருக்கும். நூல் போன்ற ஒரு வயர் வாலிலிருந்து சின்னப் பெட்டிக்கு வரும். பெட்டியில் ஐந்து பொத்தான்கள். அழுத்தினால் அந்த ஜோடிக் கால் பிடியை விடும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் கம்பி வெந்துபோகும், கொஞ்சம் குறைத்தால் கொக்கி கழலாது. கம்ப்யூட்டரே ஓட்டுகிற மாதிரி இன்னும் ஆகவில்லை. புழுவைப் பார்த்துப் பார்த்துப் பழகிய அவள் விரலுக்கு மட்டும்தான் அந்தத் தாளம் தெரியும்.

முதலில் செய்ததற்கு இரண்டு ஜோடிக் கால் வேலை செய்யவில்லை. அதற்கு மக்கு என்று பெயர் வைத்தாள். அடுத்தது சொன்னபடி கேட்டது. அது சமத்து. அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஒரே அச்சு. அடையாளத்துக்குச் சமத்தின் வாலுக்கு அடியில் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு பொட்டு.

சமத்துக்கு இன்று பதினொரு மணிக்குப் பரீட்சை. தீயணைப்புத் துறை அதிகாரிகள் வருகிறார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் பக்கத்து அறையில் ஒரு சக்கரக் கோஷ்டி உண்டு. பொம்மைக் கார் மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். இரண்டில் ஒன்றைத்தான் அதிகாரிகள் தேர்ந்தெடுப்பார்கள். தேறாத அறையைப் பூட்டிவிடுவேன் என்று கூடத்தின் டைரக்டர் சொல்லியிருந்தார். மூன்று வருஷ வேலை, குழாய் ஒன்றில் மூன்று நிமிஷம் ஏறிக் காட்டுவதில் இருந்தது.

இனி மாமனாரைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவரும் நகர மாட்டார்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு நாளும் வண்டி தாமதமானதில்லை. அவர் பஸ் திருப்பத்தில் தெரிந்தால் கடைக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது சரிந்து விழுந்தார். மூளையில் அடைப்பு. உயிர் தப்பியது. பேச்சு போனது. போனதில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் பஸ்ஸிலேயே மறந்து உட்கார்ந்துவிட்ட பயணி மாதிரி மிஞ்சியது: "போலாம்." கண்டக்டர் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆயிரக்கணக்கான தடவை சொன்ன வார்த்தை. பசித்தாலும் போலாம், வலித்தாலும் போலாம், டிவியை நிறுத்து என்றாலும் போலாம்.

இன்னொன்றும் மிஞ்சியது. வலது கை. அதில் எது பட்டாலும் விரல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். மூடினால் திறக்காது. அவர் வேண்டுமென்று செய்வதில்லை என்றார் டாக்டர். "இழுக்காதீங்க. இழுத்தா இன்னும் இறுகும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறார், சின்னதா கிழிஞ்சாலும் நிக்காது. புறங்கையை மெதுவா தடவிக் கொடுங்க, அவர் அமைதியா இருந்தா தானா விடும்." இதைக் கேட்டபோது அவள் டாக்டரைக் கண்ணாடிப் பெட்டிப் புழுவைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாளாம். டாக்டர் அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

கை சும்மா இருந்தால் நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகும். அதனால் பருத்திக் கையுறை மாட்டி, எப்போதும் மெத்தென்று ஏதாவது பிடிக்கக் கொடுத்து வைக்க வேண்டும். துணிச்சுருள் கொடுத்தார்கள், வியர்வையில் நாறியது. பிறகு அவளுக்கு ஒரு யோசனை. உதவாத மக்குதான் ஒன்று இருக்கிறதே, சிலிக்கோன் உடம்பு, கழுவினால் சுத்தம். அன்றிலிருந்து மக்கு மாமனார் கையில் வாழ்ந்தது. தினமும் காலையில் அவர் தூக்கம் கலையாத நேரத்தில் விரல்கள் தளர்ந்திருக்கும்போது எடுத்து, கழுவி, பிரிட்ஜ் மேல் காயவைத்து, திரும்ப வைப்பாள். "மாமனாருக்குப் புழுவைப் பிடிச்சுக் கொடுத்து வெச்சிருக்கா" என்று தெரு சொன்னது. அதில் பொய் ஒன்றும் இல்லைதான்.

முந்தின நாள் சமத்தின் ஒரு கால் லேசாகப் பெயர்ந்திருந்தது. பசை வைத்தாள். காய்வதற்கு வெதுவெதுப்பான இடம் வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் வெதுவெதுப்பான இடம் எது? பிரிட்ஜ் மேல்தான்.

காலை எட்டரைக்கு வயர்மேன் அண்ணன் தன் வண்டியில் வந்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் மின்சார வேலை பார்ப்பவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் மிச்சம், அவளுடைய அறைக்கு வேண்டிய ஒரே ஆள். கேமரா, உள்ளே சொரசொரப்பான வளைந்த குழாய், சமத்தின் பெட்டி எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார். பொத்தான் பெட்டியை மட்டும் அவள் யாரிடமும் தருவதில்லை. அது அவள் கைப்பையில்.

ஒன்பதே காலுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், பதறாத" என்றார் வயர்மேன் அண்ணன். இப்படி ஆரம்பித்தால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்? "வாலுக்கடியில சிவப்புப் பொட்டு இருக்கும்ல?"

"ஆமாண்ணா."

"இல்லையே."

ஒரு காலில் செருப்போடு உள்ளே ஓடினாள். மாமனார் கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். வலது முஷ்டியில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்த்தது. மணிக்கட்டுப் பக்கம் தொங்கிய வாலைக் குனிந்து பார்த்தாள். சிவப்புப் பொட்டு, நெற்றியில் வைத்த மாதிரி அழகாக இருந்தது.

பிரிட்ஜ் மேலிருந்து எடுத்து அவர் கையில் வைப்பது மாதக்கணக்கில் பழகிய வேலை. கை தன்பாட்டில் செய்துவிட்டது. திருப்பிப் பார்க்கவில்லை.

"மாமா" என்றாள். "இது வேற மாமா. எனக்கு வேணும்."

"போலாம்" என்றார் அவர், தாராளமாக.

புறங்கையைத் தடவத் தொடங்கினாள். அமைதியாக இருந்தால் கால் மணி நேரத்தில் தளரும். ஆனால் இன்றைக்குச் சிக்கல் இரட்டைச் சிக்கல். அவர் புழுவைப் பிடித்திருந்தார், புழுவும் அவரைப் பிடித்திருந்தது. பத்துக் கால்களின் கொக்கிகளும் பருத்திக் கையுறையின் நூலில் ஏறி மாட்டியிருந்தன. மக்கின் கொக்கிகள் கழுவிக் கழுவி மழுங்கிப்போனவை. சமத்தின் கொக்கிகளைப் போன வாரம்தான் மாற்றியிருந்தாள், கையால், ஒவ்வொன்றாக.

தடவியதில் பலன் தெரிவதுபோல இருந்தது. சுண்டுவிரல் கொஞ்சம் தளர்ந்தது. சரியாக அந்த நேரத்தில் தையல்கார அக்கா வந்தாள். பகலில் மாமனாருக்குத் துணை இருப்பது அவள்தான். கழுத்தில் அளவு டேப்போடு, வாயில் இரண்டு குண்டூசியோடு வருவாள். விஷயத்தைக் கேட்டதும் குண்டூசிகளை எடுத்து ஜாக்கெட்டில் குத்திக்கொண்டாள். பேச வாய் வேண்டுமே.

"அட, இதுக்கா முழிக்கிற? அக்குள்ல கிச்சுகிச்சு மூட்டு, விட்டுருவார்."

"வேண்டாங்க்கா."

"சோப்புத் தண்ணி ஊத்து. எண்ணெய் விடு. என் மோதிரம் மாட்டினப்போ எண்ணெயிலதான் வந்துச்சு."

"எண்ணெய் பட்டா கம்பி போயிரும்க்கா."

"கையுறையை வெட்டிரலாமா? கத்தரி கொண்டு வரேன். எத்தனை கழுத்து வெட்டியிருக்கேன், ஒரு கையுறை வெட்ட மாட்டேனா?"

கையுறையும் முஷ்டிக்குள்தானே இருக்கிறது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், அக்கா வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். கெட்ட எண்ணம் இல்லை. ஊசியில் நூல் கோத்தே பழகிய கை, நீட்டிக்கொண்டிருப்பதை இழுக்காமல் இருக்காது. மாமனார் "போலாம்!" என்று அலறினார். தளர்ந்திருந்த சுண்டுவிரல் திரும்பப் போய்ச் சேர்ந்துகொண்டது. சமத்தின் உடம்பிலிருந்து, நேற்றுப் பசை வைத்த காலில், பிசின் பிரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

"தொடாதீங்க!" என்று அவள் கத்தினாள். தெருவில் அவள் கத்திக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு நாலாம் மாடி வக்கீல் படியில் இறங்கி வந்தார். இறங்கினார் என்றால் பாதிப் படி. அதற்குக் கீழே வரமாட்டார், மூட்டுவலி. அங்கிருந்தே, "பலவந்தமா எதையும் பண்ணிராதீங்க. முதியவர் கையில இருக்கிற பொருள், அனுபவ பாத்தியதை அவருக்குத்தான்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு ஏறிப்போனார். காபி வழக்குக்கு மூன்று வருஷமாக வராத தீர்ப்பு.

மணி ஒன்பதே முக்கால். புருஷனைக் கூப்பிடலாம் என்றால் அவன் குளிர்சாதனக் கிடங்கில் வேலை, ஷிப்ட் முடியும்வரை போன் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். மாமனாரையே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றும் யோசித்தாள். மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. எட்டு மாதத்தில் அவர் வாசல் தாண்டியதே இரண்டு தடவைதான், இரண்டு தடவையும் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். இந்த நேரத்துக்கு நான்கு பேருக்கு எங்கே போவது? தையல்கார அக்காவின் வீட்டுக்காரர் இருந்தார். அவரைப் பற்றித்தான் முன்பே சொல்லியாயிற்றே.

மறுபடி தடவினாள். மெதுவாக, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, அவசரம் விரலில் தெரியாமல். அவசரம் தெரிந்தால் அவருக்கும் தெரிந்துவிடும்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் கடிகாரம் அவர் கட்டிலுக்கு நேரெதிரே இருந்தது. அதை அங்கே மாட்டச் சொன்னதும் அவர்தான், பேச்சு இருந்த காலத்தில். கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். தோளிலிருந்து இறக்காத கைப்பையைப் பார்த்தார். இன்றைக்கு என்ன நாள் என்று அவள் ஒரு வாரமாகச் சாப்பாடு ஊட்டும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள், பதில் சொல்லாத ஆளிடம் பேசுவது சுலபம் என்பதால். அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் யாரையும் தாமதமாக்காத மனிதர். தன் முஷ்டியைப் பார்த்தார். திறக்கப் பார்த்தார்.

அந்த முயற்சியைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றியது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. தோள் நடுங்கியது. அத்தனை பலமும் கையில் போய்ச் சேர்ந்தபோது, போன பலம் எல்லாம் மூடுவதற்குத்தான் போனது. விரல்கள் வெளுத்தன. சமத்தின் தலை பிதுங்கியது. "வேண்டாம் மாமா, முயற்சி பண்ணாதீங்க" என்றாள். அவர் நிறுத்தவில்லை. இடது கையால் வலது விரலைப் பிரிக்கப் போனார், இழுக்க இழுக்க அது இறுகியது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடியில் மறைந்தது.

"போலாம்" என்றார். அவளைப் போகச் சொன்னாரா, மன்னிப்புக் கேட்டாரா, இல்லை கையைத் திட்டினாரா?

தையல்கார அக்கா குண்டூசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியும் ஒரு நாள் வந்தது.

பத்து இருபதுக்கு மேல் பஸ் பிடித்தும் பயனில்லை. பத்து இருபதும் போனது.

பத்து ஐம்பதுக்கு வயர்மேன் அண்ணன் கூப்பிட்டார். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம். "வந்துட்டாங்க. டைரக்டர் என்னைப் பாக்கிற பார்வையில நானே எரிஞ்சு போயிருவேன் போல. மக்கை வெச்சே ஓட்டிரட்டுமா?"

"அதுல ரெண்டு ஜோடி செத்துப்போச்சேண்ணா. பொத்தானும் இங்க இருக்கு."

"அப்போ போன்ல காட்டு தங்கச்சி. வீடியோ போடு. அங்கேயே ஓட்டு, நான் இங்க திரையில காட்டறேன். முஷ்டிக்குள்ள இருந்து வெளிய வந்தா அதைவிடச் சின்ன சந்து என்ன இருக்கு?"

ஏன் இது தோன்றாமல் போனது? நெரிசலுக்குள் போகத்தானே இதைச் செய்தது. மூன்று வருஷமாகப் பிளாஸ்டிக் குழாயில் ஏற்றிக்கொண்டிருந்தாள், இறுகிய சந்து ஒன்று வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"அக்கா, போனைப் பிடிங்க. கையை மட்டும் காட்டுங்க. ஆட்டாதீங்க."

"நான் கல்யாண வீடியோவே எடுத்திருக்கேன்" என்றாள் அக்கா.

வாலின் நுனியில் வயரை மாட்டினாள். பொத்தான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "மாமா, கைக்குள்ள கொஞ்சம் சூடா இருக்கும். நெளியும். பயப்படாதீங்க" என்றாள். சரியாகப் பதினொரு மணிக்கு ஐந்தாவது பொத்தானை அழுத்தினாள்.

வால் கால்கள் நூலிலிருந்து கழன்றன. ஒரு மூச்சு. விட்டாள். நான்காவது. விட்டாள். மூன்றாவது ஜோடி முஷ்டியின் நடுவில் இருந்தது. அழுத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. அக்கா இழுத்தபோது பெயர்ந்த கால் அதில்தான். விரலை எடுக்காமல் ஒரு கணம் கூடுதலாக வைத்தாள். கம்பி வேகிற எல்லை அவளுக்குத் தெரியும், அந்த எல்லையில் நின்றாள். கழன்றது. அலை தலைவரை போனது. சமத்து ஒரு நெல் அளவு முன்னால் வந்தது.

மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரும்ப ஐந்து, நான்கு, மூன்று. இன்னொரு நெல். சிலிக்கோனுக்குள்ளிருந்து வந்த சூடு கையுறையில் பரவியிருக்க வேண்டும். வெளுத்திருந்த விரல் மூட்டுகளில் நிறம் திரும்பியது. புழு நெளிய நெளிய, விரல்கள் ஒவ்வொன்றாக அதற்கு வழிவிட்டன. தடவி ஒன்றரை மணி நேரம் கேட்காத கை, உள்ளிருந்து ஒருவர் தட்டியதும் கதவு திறக்கிற மாதிரி திறந்தது. பெயர்ந்த கால் ஆடியது, ஆனால் பிடித்தது. தலை, கழுத்து, நடுவுடம்பு. கட்டைவிரல் மேட்டில் ஏறி, புறங்கையில் திரும்பி, முழங்கையை நோக்கி வயரை இழுத்துக்கொண்டு ராஜநடை நடந்தது.

மாமனார் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற சிரிப்பு. எட்டு மாதத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. தன் கை மேல் ஏதோ ஒன்று நேரத்துக்குக் கிளம்பிப் போவதைப் பார்த்து, "போலாம்! போலாம்!" என்றார்.

மூன்று நிமிஷம் பத்து விநாடி. ஒரு தடவைகூட வழுக்கவில்லை. இதைவிடச் சுத்தமாகச் சமத்து எப்போதும் நடந்ததில்லை.

"பாத்தாங்களாக்கா?" என்று திரும்பினாள்.

தையல்கார அக்கா இரண்டு கையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. ஒரு கைக்குள் போன் இருந்தது. அதன் கேமரா கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான்... நான் பாத்துட்டே நின்னுட்டேண்டி" என்றாள் அக்கா. "எப்போ இறக்கினேன்னே தெரியலை."

போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"இங்க ஒத்தைச் செருப்புத்தான் தெரிஞ்சுது தங்கச்சி. நானும் 'மேல தூக்குங்க, மேல தூக்குங்க'ன்னு கத்தறேன், யாருக்கும் கேக்கலை. சும்மா இருக்க முடியாம மக்கைக் குழாயில ஏத்தி வெச்சேன். மழுங்கின கொக்கிதான், ஆனா குழாய்ச் சொரசொரப்புல நல்லாப் பிடிச்சுக்கிட்டுது. அப்படியே இருக்கு. ஒரு அதிகாரி இழுத்துப் பாத்தார், வரலை. 'பிடிக்கிறது நல்லாத்தான் பிடிக்குது, எப்போ போகும்?'னார். எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்து ரூமுக்குப் போயிட்டாங்க."

"இன்னொரு தடவை காட்டலாமாண்ணா? இப்பவே. அஞ்சு நிமிஷம்."

"காரை முதல்லயே பாத்துட்டுத்தான் இங்க வந்தாங்க, இப்போ கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்காங்க." குரலைத் தணித்தார். "புதன்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டார் டைரக்டர். புழுப்பெட்டி எல்லாத்தையும் நான் வேணா என் வீட்டுக்கு... பாப்போம். மக்கு மட்டும் இன்னும் குழாயை விடலை. ஏதாவது பொத்தான் இருந்தாச் சொல்லு."

"அது எந்தப் பொத்தானுக்கும் விடாதுண்ணா" என்று சொல்லிப் போனை மேஜையில் வைத்தாள்.

சமத்து மாமனாரின் முழங்கை மடிப்பில் நின்றிருந்தது, கையுறை முடிகிற இடத்துக்குமேல் சட்டைத் துணியைப் பிடித்தபடி. அதைக் கழற்றி மேஜையில் விட்டாள். யாரைத் திட்டுவது? அக்காவையா? எட்டு மாதமாக மாமனாருக்குப் பகல் பார்க்கிறவள். பிரிட்ஜையா? ஒன்பது மணி நேரம் எதுவும் சொல்லாமல் சூடு கொடுத்தது. வைத்தது அவள் கை.

"நான் போய் அவங்ககிட்ட சொல்றேன்" என்றாள் அக்கா. "என் கண்ணால பாத்தேன்னு சொல்றேன். எழுதிக் கொடுக்கறேன். வக்கீல் சாரை விட்டு எழுதச் சொல்லுவோம்."

"சரிங்க்கா" என்றாள் அவள்.

அப்போதுதான் மாமனார் முனகினார். சமத்து வெளியேறிய கை வெறுமையாகத் திரும்ப மூடிக்கொண்டிருந்தது. கையுறையைத் தாண்டி நகங்கள் உள்ளங்கையில் இறங்கின. பிடிக்கக் கொடுக்க மக்கு இல்லை. மக்கு ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது. சமத்தைத் திரும்பக் கொடுக்க மனம் வரவில்லை. துணிச்சுருளைத் தேட நேரமில்லை. தன் இரண்டு விரல்களை, பொத்தான் அழுத்துகிற விரல்களை, முஷ்டிக்குள் நுழைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன.

"காபி போடட்டுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அக்கா அவள் அடுப்படிக்குள் போனாள். இன்றைக்கு டம்ளரை முகர்ந்து பார்க்கவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. மூன்று டம்ளர் எடுத்தாள்.

சாயங்காலம் தெரு இதை எப்படிச் சொல்லப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும். புழுக்காரி புழுவை மாமனார் கையில் கொடுத்துவிட்டு அதிகாரிகளுக்குச் செருப்பைக் காட்டினாளாம். இதிலும் பொய் ஒன்றும் இருக்காது.

காபி வந்தது. இடது கையால் வாங்கினாள். கைப்பை இன்னும் தோளில் தொங்கியது, அதை இறக்க வலது கை வேண்டும். ஒரு காலில் செருப்பு அப்படியே இருந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"போலாம்" என்றார் மெதுவாக.

"போலாம் மாமா" என்றாள்.

விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.